லேப்டாப்பில் திறக்கும் கதவு டேப்லெட்டில் ஏன் பாதியில் நிற்கிறது? மூன்று ரெட்ஸ்டோன் எந்திரங்களும் அவற்றின் கோளாறுகளும்

கேள்வி இதுதான். பெங்களூரு ஜாலஹள்ளியில் ஒரு தமிழ்க் குடும்பம். எட்டாம் வகுப்பு அண்ணன் லேப்டாப்பிலும் ஐந்தாம் வகுப்புத் தங்கை டேப்லெட்டிலும் பிளாக் பிளாக்காக அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் கேமை ஆடுகிறார்கள். விடுமுறையில் வீடியோ பார்த்து இருவரும் ஒரே மாதிரி மூன்று ரெட்ஸ்டோன் எந்திரங்கள் கட்டினார்கள். ரெட்ஸ்டோன் என்பது அந்தக் கேமில் கரண்ட் போலச் சிக்னல் கடத்தும் தூள். பிஸ்டன், அதாவது சிக்னல் வந்ததும் நீண்டு பிளாக்கைத் தள்ளும் பாகம், வைத்த கதவு அண்ணனிடம் முழுதாகத் திறக்கிறது, தங்கையிடம் மேல்பாதி மட்டும் நகர்கிறது. பொருள்களைப் பிரித்துப் போடும் எந்திரம் இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, பிறகு இரும்பு சேர வேண்டிய பெட்டிக்குள் காபிள்ஸ்டோன் கல்லைக் கொட்டியது. கரும்புத் தோட்டத்தில் பிஸ்டன் வேலை செய்கிறது, ஆனால் பாதிக் கரும்பு பெட்டிக்கு வந்து சேருவதில்லை. "பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி தமிழில் விளக்குங்கள்" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

பிள்ளைகள் கட்டியதில் பெரிய தவறு எதுவும் இருக்காது என்றே நினைக்கிறேன். ரெட்ஸ்டோனில் கண்ணுக்குத் தெரியும் தவறை விட, சிக்னலின் எண்ணிக்கையில் இருக்கும் தவறுதான் ஆளைப் படுத்தும். பிளாக் எல்லாம் வீடியோவில் இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே 3 வர வேண்டிய இடத்தில் 2 வந்திருக்கும், அல்லது 4 வந்திருக்கும். அந்த எண்களைப் பார்க்கப் பழகிவிட்டால் மூன்று கோளாறையும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் எடிஷன். லேப்டாப்பில் ஓடுவது ஜாவா எடிஷன், டேப்லெட்டில் ஓடுவது பெட்ராக் எடிஷன் என்று எடுத்துக்கொள்கிறேன். போன், டேப்லெட் இரண்டிலும் பெட்ராக்தான். பார்க்க ஒன்று போல இருந்தாலும் ரெட்ஸ்டோன் விதிகள் சில இடங்களில் வேறு. அதனால் வீடியோவைத் திறந்ததும் பார்க்க வேண்டியது, இது எந்த எடிஷனுக்கு என்பது. அடுத்து, எந்த வருடத்து வீடியோ என்பது. ஹாப்பரும் (பொருளை வாங்கி அடுத்த பெட்டிக்குத் தள்ளும் புனல்) கம்பேரட்டரும் (பெட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளக்கும் பாகம்) 2013 மார்ச்சில் வந்த 1.5 அப்டேட்டில் சேர்ந்தவை. எதிரே உள்ள பிளாக் மாறியதும் சிக்னல் தரும் அப்சர்வர் வந்தது 2016இல். அதற்கு முந்தைய வீடியோக்களில் இதே வேலையைச் சுற்றி வளைத்துச் செய்திருப்பார்கள். இன்னொரு உபயோகமான விஷயம்: 2022 ஜூன் முதல் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஜாவாவும் பெட்ராக்கும் ஒரே பொருளாகத்தான் விற்கப்படுகின்றன. ஆகவே அண்ணனின் லேப்டாப்பில் பெட்ராக்கையும் நிறுவ வழி இருக்கக்கூடும். அப்படியானால் இருவரும் ஒரே உலகத்தில் சேர்ந்தே கட்டலாம். ஜாவாவும் பெட்ராக்கும் நேரடியாகச் சேர்ந்து ஆடாது.

இனி சிக்னல். லீவரோ பட்டனோ 15 என்ற பலத்தில் சிக்னலை அனுப்பும். தரையில் போட்ட ரெட்ஸ்டோன் தூள் ஒவ்வொரு பிளாக்கைக் கடக்கும்போதும் ஒன்று குறையும். பதினைந்தாவது தூளில் 1, பதினாறாவதில் ஒன்றுமில்லை. காவிரித் தண்ணீர் பெங்களூருக்கு ஒரே மூச்சில் ஏறி வருவதில்லை, டி.கே. ஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என மூன்று இடங்களில் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள் அல்லவா, ரிப்பீட்டரின் வேலையும் அதுவே. பலம் 1 ஆக வந்தாலும் மறுபக்கம் 15 ஆக்கி அனுப்பும். கூடவே தாமதமும் தரும்: வலது கிளிக் செய்யச் செய்ய 1, 2, 3, 4 டிக். ஒரு ரெட்ஸ்டோன் டிக் என்பது 0.1 வினாடி. ரிப்பீட்டர் ஒருவழிப் பாதை, பின்னால் வாங்கி முன்னால் மட்டும் கொடுக்கும்.

தூளுக்குத் திசை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பிஸ்டனை உரசிக்கொண்டு நேராகப் போகும் தூள் கோடு அந்தப் பிஸ்டனை இயக்காது. கோடு பிஸ்டனை நோக்கித் திரும்பி முடிய வேண்டும். ஆனால் தூள் எந்தத் திசையில் போனாலும் தன் அடியில் இருக்கும் பிளாக்குக்குச் சிக்னல் தரும். இந்த ஒரு விதியை வைத்துத்தான் கீழே கதவையும் கரும்புத் தோட்டத்தையும் சரிசெய்யப் போகிறோம்.

பிளாக்குக்குள் ஏறும் சிக்னலிலும் இரண்டு வகை. தூள் ஒரு பிளாக்குக்குத் தருவது வலுவற்ற சிக்னல்: அந்தப் பிளாக்கை ஒட்டியிருக்கும் பிஸ்டன், ரிப்பீட்டர், டார்ச், ஹாப்பர் எல்லாம் அதை உணரும், இன்னொரு தூள் உணராது. ரிப்பீட்டரோ கம்பேரட்டரோ நேராகக் குத்தும் பிளாக்கும், டார்ச்சின் தலைக்கு மேலே இருக்கும் பிளாக்கும் வலுவான சிக்னல் பெறும். அதிலிருந்து தூளும் எடுத்துக்கொள்ளும். சுவருக்கு இந்தப் பக்கம் தூள் எரிகிறது, அந்தப் பக்கத் தூள் எரியவில்லை என்றால் காரணம் இதுதான். நடுவில் ஒரு ரிப்பீட்டரைச் சுவரைப் பார்த்தபடி வைத்தால் சரியாகிவிடும்.

ரெட்ஸ்டோன் டார்ச்சைப் புரியவைக்க வீட்டில் இருக்கும் எமர்ஜென்சி லைட்டைக் காட்டுங்கள். கரண்ட் இருக்கும்வரை அணைந்திருக்கும், கரண்ட் போனதும் எரியும். டார்ச்சும் தான் ஒட்டியிருக்கும் பிளாக்குக்குச் சிக்னல் வந்தால் அணையும், போனால் எரியும். 'ஆம்' என்பதை 'இல்லை' ஆக்கும் பாகம் இது. வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டால் மட்டும் கருகி நின்றுவிடும். 3 வினாடிக்குள் எட்டு முறைக்கு மேல் மாறினால் அப்படி ஆகும். கடிகாரம் மாதிரித் துடிக்கும் சுற்றுகளில் டார்ச்சைத் தவிர்த்துவிட்டு ரிப்பீட்டரைப் போடச் சொல்வது அதனால்தான்.

கதவு

இரண்டு அகலம், இரண்டு உயரம் உள்ள கதவுக்கு 4 ஸ்டிக்கி பிஸ்டன் (தள்ளிய பிளாக்கைத் திரும்ப இழுக்கும் வகை) வேண்டும், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு பிஸ்டனுக்கு 3 பலகை, 4 காபிள்ஸ்டோன், 1 இரும்புக் கட்டி, 1 ரெட்ஸ்டோன் தூள். ஸ்டிக்கியாக்க ஒரு ஸ்லைம் உருண்டை.

ஜாவாவில் பிஸ்டனுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. பிஸ்டனுக்கே சிக்னல் வராவிட்டாலும், அதற்கு நேர் மேலே உள்ள இடத்துக்குச் சிக்னல் எட்டுமானால் பிஸ்டன் இயங்கிவிடும். இதற்கு குவாசி கனெக்டிவிட்டி என்று பெயர். இரண்டு பிஸ்டன் அடுக்கியிருக்கும்போது, மேல் பிஸ்டனின் பின்னால் உள்ள பிளாக்குக்கு ரிப்பீட்டர் வழியாகச் சிக்னல் கொடுத்தால் மேல் பிஸ்டன் நகரும். கீழ்ப் பிஸ்டனுக்கு 'மேலே உள்ள இடம்' அந்த மேல் பிஸ்டன்தான். அங்கே சிக்னல் எட்டுகிறது, ஆகவே கீழதும் கூடவே நகரும். பெட்ராக்கில் இந்தக் குணமே கிடையாது. தங்கையின் கதவில் மேல்பாதி மட்டும் நகர்ந்ததற்குக் காரணம் இதுதான். அவள் கட்டியதில் பிழை இல்லை, வீடியோ ஜாவாவுக்கானது.

இரண்டு எடிஷனிலும் ஓடும் வயரிங் இது. கீழ்ப் பிஸ்டனின் பின்னால் ஒரு திடமான பிளாக் வையுங்கள். அதன் மேல், அதாவது மேல் பிஸ்டனின் முதுகை ஒட்டி, ஒரு தூள். தூள் கோடு பின்னாலிருந்து நேராக மேல் பிஸ்டனை நோக்கி வந்து அங்கே முடியட்டும். கடைசித் தூள் எதிரே உள்ள மேல் பிஸ்டனை இயக்கும், அடியில் உள்ள பிளாக்குக்கும் சிக்னல் தரும், அந்தப் பிளாக் கீழ்ப் பிஸ்டனை இயக்கும். ஒரே தூள், இரண்டு பிஸ்டன். மறுபக்கமும் இப்படியே.

பிரஷர் பிளேட்டை மிதித்தால் கதவு திறக்க வேண்டும், அதாவது பிஸ்டன் உள்வாங்க வேண்டும். பிஸ்டனோ சிக்னல் வந்தால் நீளும். ஆகவே பிளேட்டிலிருந்து வரும் கோட்டை ஒரு பிளாக்கில் முடித்து, மறுபக்கம் டார்ச் ஒட்டி, டார்ச்சிலிருந்து பிஸ்டனுக்குக் கோடு இழுக்க வேண்டும். எமர்ஜென்சி லைட் கணக்குத்தான். மிதிக்காதபோது டார்ச் எரியும், கதவு மூடியிருக்கும்.

இன்னொரு வேறுபாடும் இங்கே உண்டு. மிகக் குறுகிய, ஒரு டிக் துடிப்பைக் கொடுத்தால் ஜாவாவில் ஸ்டிக்கி பிஸ்டன் பிளாக்கைத் தள்ளிவிட்டு அங்கேயே விட்டுவிடும், பெட்ராக்கில் திரும்ப இழுத்துக்கொள்ளும். இந்தக் குணத்தை நம்பிய ஜாவா டிசைன்கள் டேப்லெட்டில் ஓடவே ஓடாது. அவற்றைத் திருத்த முயல வேண்டாம், வேறு டிசைன் தேடுவதே மேல்.

பொருள் பிரிக்கும் எந்திரம்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். மூன்றிலும் அழகான கணக்கு உள்ள எந்திரம் இதுதான், இரண்டு எடிஷனிலும் ஒன்று போலவே ஓடும்.

அடிப்படை இது. மேலே ஒரு ஹாப்பர் வரிசையில் எல்லாப் பொருளும் கலந்து ஓடுகிறது. கீழே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வடிகட்டி ஹாப்பர், தனக்குரிய பொருளை மட்டும் இழுத்துக்கொள்கிறது. அதற்கும் கீழே ஒரு பூட்டு ஹாப்பர்; சிக்னல் இருக்கும்வரை அது பூட்டியிருக்கும். வடிகட்டியில் ஒரு பொருள் அதிகமானதும் பூட்டு ஒரு கணம் திறந்து, அந்த ஒன்றைப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு மூடிக்கொள்கிறது.

ஒரு பொருளுக்கு வேண்டியவை: 3 ஹாப்பர், 1 கம்பேரட்டர், 1 ரிப்பீட்டர், 1 டார்ச், 3 தூள், 5 திடமான பிளாக், 1 பேரல் (பொருள் வைக்கும் பீப்பாய்). மூலப்பொருளாகச் சொன்னால் ஹாப்பருக்கு 15 இரும்புக் கட்டியும் 3 செஸ்ட்டும் (மரப்பெட்டி), கம்பேரட்டருக்கு 1 நெதர் குவார்ட்ஸ், 3 டார்ச், 3 கல், ரிப்பீட்டருக்கு 3 கல், 2 டார்ச், 1 தூள். எல்லாம் சேர்த்து ரெட்ஸ்டோன் தூள் 10. கல் என்றால் உலையில் சுட்ட கல், காபிள்ஸ்டோன் செல்லாது.

அடுக்கும் முறையைத் தாளில் வரைந்துகொண்டு படித்தால் எளிது. பக்கவாட்டில் ஐந்து தூண்கள், தரையிலிருந்து நான்கு தட்டுகள்.

முதல் தூண்: நான்காம் தட்டில் பொருள் ஓடும் ஹாப்பர். மூன்றாம் தட்டில் வடிகட்டி, அதன் மூக்கு, அதாவது பொருள் வெளியேறும் குழாய், இரண்டாம் தூணைப் பார்க்க வேண்டும். இரண்டாம் தட்டில் பூட்டு ஹாப்பர், மூக்கு முன்னால் இருக்கும் பேரலை நோக்கி. முதல் தட்டு காலி.

இரண்டாம் தூண்: மூன்றாம் தட்டில் கம்பேரட்டர், வடிகட்டியிலிருந்து விலகிப் பின்பக்கம் பார்த்தபடி. அதன் அடியில் பிளாக். முதல் தட்டில் டார்ச், மூன்றாம் தூணின் பிளாக்கில் பக்கவாட்டாக ஒட்டியது.

மூன்றாம் தூண்: மேலிருந்து தூள், பிளாக், பிளாக். நான்காம் தூண்: தூள், பிளாக், முதல் தட்டில் தரைமேல் ரிப்பீட்டர், மூன்றாம் தூணைப் பார்த்தபடி. ஐந்தாம் தூண்: முதல் தட்டில் பிளாக், அதன் மேல் தூள், அதற்கு மேல் எதுவும் கூடாது. அங்கே திடமான பிளாக் வந்தால் நான்காம் தூணின் தூளிலிருந்து இறங்கும் இணைப்பு அறுந்துவிடும்.

சிக்னல் போகும் பாதை: கம்பேரட்டர், மூன்று தூள், ஐந்தாம் தூணின் பிளாக், ரிப்பீட்டர், மூன்றாம் தூணின் கீழ்ப் பிளாக், டார்ச். டார்ச் எரியும்போது தன் தலைமேல் இருக்கும் இரண்டாம் தூணின் பிளாக்குக்குச் சிக்னல் தரும். அதை ஒட்டியிருக்கும் பூட்டு ஹாப்பர் பூட்டிக்கொள்ளும். டார்ச் அணைந்தால் திறக்கும்.

இப்போது கணக்கு. ஹாப்பரில் 5 அறை, ஓர் அறைக்கு 64, மொத்தம் 320. கம்பேரட்டர் அதை மொட்டைமாடித் தொட்டியின் லெவல் காட்டும் கருவி போல அளக்கிறது. ஒரு பொருள் இருந்தாலே 1. பிறகு 320ஐ 14ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது சுமார் 22.86க்கு ஒருமுறை, ஒன்று கூடும். 23 ஆனால் 2, 46 ஆனால் 3, 69 ஆனால் 4.

நம் பாதையில் மூன்று தூள் இருக்கிறது. கம்பேரட்டர் 2 கொடுத்தால் தூள்களில் 2, 1, 0. ரிப்பீட்டர் வரை எட்டாது. 3 கொடுத்தால் 3, 2, 1, எட்டிவிடும். ஆகவே 45 வரை பூட்டு, 46இல் திறப்பு. வடிகட்டியின் முதல் அறையில் உரிய பொருள் 41, மற்ற நான்கு அறைகளில் இடத்தை அடைக்க மட்டும் ஆளுக்கொரு டம்மிப் பொருள், ஆக 4, கூட்டினால் 45. எல்லா வீடியோவிலும் சொல்லும் 41 இப்படித்தான் வருகிறது.

41ஐ எண்ணி வைக்க வேண்டிய கட்டாயம் கூட இல்லை. ஒரே ஒரு பொருளை வைத்துவிட்டால் போதும். 41 ஆகும்வரை வடிகட்டி தானே சேர்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு பெட்டிக்கு அனுப்பத் தொடங்கும். "முதல் நாற்பது இரும்பை எந்திரம் விழுங்கிவிட்டது" என்று பிள்ளைகள் சொன்னால் அவை வடிகட்டிக்குள் பத்திரமாக இருக்கும்.

சரி, இரும்புப் பெட்டியில் காபிள்ஸ்டோன் எப்படி வந்தது? இரண்டு நாள் ஓடிய பிறகு கெட்டது என்பதே துப்பு. காபிள்ஸ்டோன் பேரல் நிரம்பியிருக்கும். ஒரு பேரலில் 27 அறை, 1,728 கல். சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு அது இரண்டு நாள் சரக்குதான். பேரல் நிரம்பியதும் பூட்டு ஹாப்பர் நிரம்பும், பிறகு வடிகட்டியின் முதல் அறை 41ஐத் தாண்டி 64 வரை ஏறும். 64உம் டம்மி 4உம் சேர்ந்தால் 68. சிக்னல் 4 ஆவதற்கு 69 வேண்டும்! ஒன்றே ஒன்று குறைவு. அந்த ஒன்றில்தான் இந்த டிசைனின் பாதுகாப்பே இருக்கிறது. பலம் 3ஐத் தாண்டாதவரை பக்கத்து வடிகட்டிக்கு ஆபத்தில்லை. வடிகட்டிகளை ஒட்டி ஒட்டி அடுக்கும்போது அவற்றின் தூள்களும் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். இங்கே 3 என்றால் பக்கத்துத் தூளுக்கு 2 போகும், அங்கே ஏற்கெனவே 2 இருக்கிறது, ஒன்றும் ஆகாது. இங்கே 4 ஆனால் பக்கத்தில் 3. பக்கத்து இரும்பு வடிகட்டியின் பூட்டு திறந்தபடியே நிற்கும். உள்ளே இருந்த 41 இரும்பும் டம்மிகளும் பெட்டிக்குள் வழிந்துவிடும், காலியான வடிகட்டி மேலே ஓடுவதையெல்லாம் இழுத்துப் பெட்டியில் போடும்.

68 எப்படி 69 ஆனது? டம்மிதான் காரணம். அநேகமாகக் குச்சியையோ மண்ணையோ பெயர் மாற்றாமல் டம்மியாக வைத்திருப்பார்கள். வரிசையில் ஒரு குச்சி ஓடி வந்தாலே டம்மி அறையில் அதுவும் ஏறிக்கொள்ளும். அதனால்தான் டம்மியை ஆன்வில்லில் (பட்டறைக்கல்) வைத்துப் பெயர் மாற்றச் சொல்கிறார்கள். பெயர் மாறிய குச்சியோடு சாதாரணக் குச்சி சேராது. 64 குச்சியை ஒரே அடுக்காக வைத்து ஒரே தடவையில் பெயர் மாற்றலாம், 1 அனுபவ லெவல்தான் செலவு, 16 வடிகட்டிக்கு வரும். ஆன்வில்லுக்கே 31 இரும்புக் கட்டி போகும், அது கொஞ்சம் வலிக்கும். டம்மி ஆளுக்கொன்றுதான், இரண்டு வைக்கக் கூடாது.

எண்டர் பேர்ல், முட்டை போல ஓர் அறைக்கு 16 மட்டுமே அடுக்கும் பொருளுக்கு 41க்குப் பதில் 10. பதினொன்றாவது வந்ததும் பூட்டு திறக்கும். வாள், கவசம் போல அடுக்கவே முடியாதவற்றை இந்த எந்திரம் பிரிக்காது. அவற்றுக்கும் பெயர் தெரியாத மற்றவற்றுக்கும் மேல் வரிசையின் கடைசியில் ஒரு பெரிய செஸ்ட் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாத ஒரு பொருள் வந்து நின்று மொத்த வரிசையும் அடைத்துக்கொள்ளும்.

கட்டும்போது நடக்கும் தவறுகளில் முதலிடம் வடிகட்டியின் மூக்குக்கு. அது கீழே பார்த்துவிட்டால் உள்ளே வைத்த பொருளைப் பூட்டு ஹாப்பருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். பூட்டிய ஹாப்பர் தானாக இழுக்காது, தள்ளாது. ஆனால் இன்னொரு ஹாப்பர் தள்ளினால் வாங்கிக்கொள்ளும். மூக்கைச் சரியாகத் திருப்ப, கம்பேரட்டர் வர வேண்டிய இடத்தில் தற்காலிகமாக ஒரு பிளாக் வைத்து, அதன் பக்கத்தில் கிளிக் செய்து ஹாப்பரை ஒட்டுங்கள். பிறகு பிளாக்கை உடைத்துவிட்டுக் கம்பேரட்டரை வையுங்கள். பூட்டு ஹாப்பரைப் பேரலில் ஒட்டும்போது குனிந்தபடி கிளிக் செய்ய வேண்டும், இல்லையென்றால் பேரல் திறந்துகொள்ளும்.

டார்ச் எரிவதைப் பார்த்த பிறகே வடிகட்டிக்குள் பொருளை வையுங்கள். வயரிங் முடியும் முன் வைத்தால் பூட்டு இல்லாத ஹாப்பர் வழியே எல்லாம் இறங்கிவிடும்.

பேரலைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. செஸ்ட்டை ஒட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்து பெரிய செஸ்ட்டாகிவிடும், இரும்பும் கல்லும் ஒன்றாகக் கிடக்கும். பேரல் சேராது, தலைமேல் பிளாக் இருந்தாலும் திறக்கும். 6 பலகையும் 2 மர ஸ்லாபும் போதும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாப்பர் வினாடிக்கு 2.5 பொருள்தான் நகர்த்தும். 64 அடங்கிய ஓர் அடுக்குக்கு 25.6 வினாடி. நிரம்பிய பெரிய செஸ்ட் ஒன்றைக் கொட்டினால் 3,456 பொருள், ஏறத்தாழ 23 நிமிடம். எந்திரம் நின்றுவிட்டது என்று பிள்ளைகள் இடித்துக் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

கரும்புத் தோட்டம்

எட்டுக் கரும்பு வரிசைக்குச் சொல்கிறேன். மண் வரிசை எட்டு பிளாக், அதன் முன்னால் அதே மட்டத்தில் தண்ணீர் வாய்க்கால். ஒரு முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய இடத்தையும் சேர்த்து எட்டு இடம் ஓடும். எட்டாவது இடத்தின் அடியில் ஹாப்பரும் செஸ்ட்டும். ஓடும் தண்ணீர் பக்கத்தில் இருந்தாலும் கரும்பு நிற்கும்.

கரும்புக்குப் பின்னால் கரும்பின் இரண்டாம் கணு உயரத்தில் பிஸ்டன்கள், கரும்பைப் பார்த்து. பிஸ்டன்களின் பின்னால் ஒரு பிளாக் வரிசை, அந்தப் பிளாக்குகளின் மேல் தூள் வரிசை. நடுவில் உள்ள ஒரு பிஸ்டனின் மேல் அப்சர்வர், முகம் கரும்பின் பக்கம், முதுகு தூளின் பக்கம். கரும்பு மூன்றாம் கணு விட்டதும் அப்சர்வர் முதுகு வழியாக ஒரு துடிப்பு தரும். தூள் எரிந்து அடியில் உள்ள பிளாக்குகள் வழியே எட்டுப் பிஸ்டனும் நீளும். இது இரண்டு எடிஷனிலும் ஓடும். அப்சர்வருக்கு 6 காபிள்ஸ்டோன், 2 தூள், 1 நெதர் குவார்ட்ஸ் வேண்டும். எட்டுக்கும் எட்டு அப்சர்வர் வைக்கிற வீடியோ உண்டு. ஒன்று போதும், குவார்ட்ஸ் மிச்சம்.

வைக்கும்போது ஒரு சூட்சுமம். பிஸ்டன் நம்மைப் பார்த்துத் திரும்பும், ஆகவே கரும்பு இருக்கும் பக்கம் நின்று வைக்க வேண்டும். அப்சர்வரின் முகம் நாம் பார்க்கும் திசையில் போகும், ஆகவே பிஸ்டனுக்குப் பின்னால் நின்று வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று வைத்தால் ஒன்று கட்டாயம் தலைகீழாகும். வெட்டியதும் பிஸ்டன் இன்னொரு முறை நீள்வது கோளாறு அல்ல. மூன்றாம் கணு மறைந்ததையும் அப்சர்வர் ஒரு மாற்றமாகப் பார்க்கிறது.

கரும்பு காணாமல் போவதற்கு வருவோம். வெட்டுப்பட்ட துண்டு எல்லாம் தண்ணீரில் விழுவதில்லை. சில வாய்க்காலைத் தாண்டிப் பறக்கும். அதற்கு மூன்று பிளாக் உயரக் கண்ணாடிச் சுவர் போதும். சில கரும்பின் காலடி மண்ணிலேயே தங்கி, 5 நிமிடத்தில் மறைந்துவிடும். உங்கள் பாதிக் கரும்பு போகிற இடம் பெரும்பாலும் இதுதான். மண்ணுக்கு நேர் அடியில் தண்டவாளம் போட்டு ஒரு ஹாப்பர் வண்டியை ஓடவிட்டால் அது மண்ணைத் துளைத்து மேலே கிடப்பதை இழுத்துக்கொள்ளும். வண்டி வேண்டாமென்றால் மண்ணுக்குப் பதில் சேறு. மண்ணின் மேல் தண்ணீர் பாட்டிலைப் பயன்படுத்தினால் சேறாகும். சேறு பிளாக் முழு உயரம் இல்லாததால், அடியில் வைத்த சாதாரண ஹாப்பரே மேலே உள்ளதை எடுத்துவிடும். ஆனால் கரும்புக்கு ஒரு ஹாப்பர், ஆக எட்டுக்கு 40 இரும்பு. இரும்பு குறைவாக இருந்தால் வண்டியே நல்லது.

விளைச்சல் மெதுவாக இருக்கிறது என்றால், ஜாவாவில் ஒரு கணு விடச் சராசரியாக 18 நிமிடம் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். ஆள் தூரமாகப் போய்விட்டால் கரும்பு வளரவே வளராது. டேப்லெட்டில் சிமுலேஷன் தூரம் (ஆளைச் சுற்றி உலகம் இயங்கும் எல்லை) 4 சங்க் என்று இருந்தால், ஒரு சங்க் 16 பிளாக் என்பதால், 64 பிளாக் தூரத்துக்குள்தான் உயிர் இருக்கும். தோட்டத்தை வீட்டை ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள்.

எண்களைப் பார்க்க அண்ணனுக்கு வசதி உண்டு. ஜாவாவில் எஃப்3 அழுத்திவிட்டு ஒரு தூளைப் பார்த்தால், திரையின் வலப்பக்கத்தில் அதன் பலம் எண்ணாகவே வரும். தங்கை கிரியேட்டிவ் உலகத்தில் கம்பேரட்டரிலிருந்து ஒரு நீளமான தூள் கோடு இழுத்து, எத்தனை தூள் எரிகிறது என்று எண்ணினால் அதுவே விடை.

எந்திரம் மூன்றும் ஓட ஆரம்பித்ததும் கரும்புப் பெட்டியின் அடியில் ஒரு ஹாப்பரும், அதன் கீழே 2024இல் வந்த, பொருளைத் தானே செய்துதரும் கிராஃப்டரும் வைத்துப் பார்க்கட்டும். 5 இரும்பு, 1 கிராஃப்டிங் டேபிள், 2 தூள், 1 டிராப்பர். அதன் ஒன்பது அறையில் ஒரு படுக்கை வரிசையின் மூன்றை மட்டும் விட்டு ஆறைக் கிளிக் செய்து மூடினால், மேலிருந்து ஹாப்பர் போடும் மூன்று கரும்பு மூன்று காகிதமாகும். ஒரு துடிப்பு கொடுத்தால் வெளியே வரும். அந்தத் துடிப்பையும் எந்திரமே கொடுக்க வேண்டுமென்றால் கம்பேரட்டரை ஒட்ட வேண்டும். கிராஃப்டரில் மூடிய அறைக்கும் நிரம்பிய அறைக்கும் ஆளுக்கு ஒன்று என்று எண்ணும்: காலியாக 6, மூன்றும் வந்ததும் 9. எத்தனை தூள் போட்டால் ஒன்பதில் மட்டும் ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளும் என்பதை வடிகட்டியைக் கட்டிய கைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.